நனோஅம்பியரும் மாரிக் காற்றும்: ஒளிமின் கருவியைத் திருத்திய பதிவு

ஒளி பட்டதும் உலோகம் இலத்திரன் விடுவதை அளக்கும் ஒளிமின் விளைவுச் செய்முறையில் பிளாங்க் மாறிலி (ஒளியின் மீடிறனையும் அதன் துகளான போட்டோனின் சக்தியையும் இணைக்கும் எண்) 4.97 × 10⁻³⁴ யூல் செக்கன் என்று வந்தது. வரவேண்டியது 6.63. கால் பங்கு குறைவு. மீடிறனுக்கு எதிராக நிறுத்தழுத்தத்தை (இலத்திரன்களை நிறுத்தத் தேவையான எதிர் மின்னழுத்தத்தை) வரைந்தபோது, இரச விளக்கின் ஐந்து ஒளிக்கோடுகளுக்குமான புள்ளிகள் நேர்கோட்டில் ஒழுங்காகவே நின்றன. கோடு அழகாக விழுந்துவிட்டால் எல்லாரும் கணக்கைத்தான் சந்தேகிப்பார்கள். கணக்கு சரி. கோட்டின் படித்திறன்தான் (சாய்வு) 4.14 × 10⁻¹⁵ வோல்ற்றுச் செக்கனுக்குப் பதில் 3.10 × 10⁻¹⁵ ஆக இருந்தது. பங்குனி, சித்திரையில் இதே கருவி இவ்வளவு மோசமாக நடப்பதில்லை. மாரி தொடங்கி, வாடைக்காற்று சவரையும் ஈரத்தையும் ஏற்றிக்கொண்டு வருகிற மாதங்களில்தான் இந்தக் கூத்து.

கருவி, இளமாணிப் பட்டப்படிப்பின் நவீன பௌதிகவியல் ஆய்வுகூடங்களில் வழக்கமாகக் கிடக்கும் வகை: இரச ஆவி விளக்கு, ஐந்து வடிகட்டிகள், கறுப்புப் பெட்டிக்குள் வெற்றிட ஒளிக்குழாய், 0 முதல் 3 வோல்ற்று வரை எதிரழுத்தம் கொடுக்கும் வழங்கி, முள் காட்டும் நனோஅம்பியர்மானி. குழாயில் ஒளி பட்டு இலத்திரன் விடும் கதோட்டு அந்திமனி–சீசியம் பூச்சு. அவற்றை வாங்கும் அனோட்டு மெல்லிய கம்பி வளையம்.

முதல் சோதனைக்கு ஒரு மூடி போதும். குழாயின் வாயை உலோக மூடியால் அடைத்து, அதன் மேல் கறுப்புத் துணியும் போட்டு, எதிரழுத்தத்தை 0 இலிருந்து 2 வோல்ற்று வரை ஏற்றவேண்டும். வெளிச்சமே இல்லாதபோது ஓட்டமும் இருக்கக்கூடாது. இந்தப் பெட்டி 2.0 வோல்ற்றில் −0.42 நனோஅம்பியர் காட்டியது, 1.0 வோல்ற்றில் −0.21. அழுத்தத்துக்கு நேர்விகிதமாக ஏறும் ஓட்டம் என்றால் அது ஓமின் விதிக்குக் கீழ்ப்படியும் சாதாரண தடை. கணக்கிட்டால் 4.8 கிகா ஓம். கதோட்டுக் காலுக்கும் அனோட்டுக் காலுக்கும் இடையே யாரும் போடாத ஒரு தடையி உட்கார்ந்திருக்கிறது.

அது படித்திறனை ஏன் கெடுக்கிறது? நிறுத்தழுத்தம் என்பது ஓட்டம் பூச்சியமாகும் இடம். கசிவோட்டம் எதிர்த்திசையில் சேர்வதால், ஒளியோட்டம் உண்மையில் நிற்பதற்கு முன்பே மொத்த ஓட்டம் பூச்சியத்தைக் கடந்துவிடும். எதிரழுத்தம் கூடக் கூடக் கசிவும் கூடும். ஊதாப்பக்கக் கோடுகளுக்கு நிறுத்தழுத்தம் பெரியது, ஆகவே அங்கே இழப்பும் பெரியது, மஞ்சளுக்குச் சின்னது. மேல்முனை கீழே இழுபட்டால் கோடு சாயும், ஆனால் நேராகவே இருக்கும். அதனால்தான் வரைபைப் பார்த்து இந்த வழுவைப் பிடிக்க முடியாது. மூடி போட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் பிடிபடும்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடாத இன்னொரு எதிரோட்டம் உண்டு. வருடக்கணக்கில் கதோட்டுச் சீசியம் ஆவியாகி அனோட்டு வளையத்தில் படியும்; பிறகு அனோட்டும் ஒளிக்கு இலத்திரன் விடும். அது மூடி போட்டால் மறையும், மூடி திறந்தால் வரும். அழுத்தத்தைக் கூட்டினாலும் ஒரு மட்டத்துக்கு மேல் ஏறாது, தட்டையாகிவிடும். கசிவைத் துடைக்கலாம், அனோட்டு மாசைத் துடைக்க முடியாது, கண்ணாடிக்குள் இருக்கிறது. ஒளி வளையத்தில் விழாதபடி குழாய்க்கு முன்னால் 6 மில்லிமீற்றர் துளையுள்ள கறுப்பு அட்டை வைத்து, புள்ளியைக் கதோட்டின் நடுவில் விழுத்தினால் பெரும்பகுதி போய்விடும்.

கசிவு எங்கே என்று தேடுவதற்குப் பகுதி பகுதியாகக் கழற்றுவதே வழி. குழாயைச் சொக்கற்றிலிருந்து உருவியெடுத்த பிறகும் −0.30 நின்றது. ஆக மூன்றில் ஒரு பங்குக்குள்தான் குழாயின் குற்றம். சொக்கற்றிலிருந்து மானிக்குப் போகும் வயரைக் கழற்றியதும் −0.11 ஆனது. மிச்சம் மானிக்குள், வீச்சு மாற்றும் சுழல் ஆளியில். இந்த ஆளியின் தட்டு பேக்கலைற்றாலானது. அது ஈரத்தை உறிஞ்சும். செப்புத் தொடுமுனைகளில் பச்சை பிடித்திருந்தது, பச்சைக்கு நடுவே வெள்ளையாக உப்பு.

மருந்துகளில் முதலில் சொல்லவேண்டியது எதைத் தொடக்கூடாது என்பது. கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் வெட்டியவை. காய்ந்ததும் வெள்ளைப் படிவு விட்டுப்போகும், அந்தப் படிவு அடுத்த மழைக்கு ஈரம் பிடித்து மறுபடி மின் கடத்தும். துரு கழற்றும் எண்ணெய்த் தெளிப்பும் வேண்டாம்: ஆளி மெத்தென்று திரும்பும், ஆனால் எண்ணெய்ப் படலத்தில் தூசி ஒட்டி, இரண்டு மாதத்தில் முன்னையதைவிட மோசமாகும். அசற்றோன் பிளாஸ்ரிக்கைக் கரைக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத அற்ககோல் துடைப்புத் திரவத்தில் மிச்சம் 30 தண்ணீர்.

வேண்டியது 99 சதவீத ஐசோபுரோப்பைல் அற்ககோல், பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர், நூல் உதிராத துணி, பருத்திக் கையுறை. உப்பு அற்ககோலில் நன்றாகக் கரையாது. அதனால் முதலில் வடித்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உப்பை எடுக்கவேண்டும், பிறகு அற்ககோலால் தண்ணீரை எடுக்கவேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து, துடைத்தும் பயனில்லை என்று கைவிட்ட பெட்டிகள் பல ஆய்வுகூட அலுமாரிகளில் கிடக்கும். குழாயின் அடிக்கண்ணாடி, கால்களுக்கு இடைப்பட்ட இடம், சொக்கற்றின் இரு பக்கமும், ஆளியின் தட்டும் என நான்கு இடங்களையும் துடைத்து, ஹெயார் ட்ரையரைக் குறைந்த சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடித்து 10 நிமிடம் காயவைக்கலாம். குழாயின் சூடு கை பொறுக்கும் அளவைத் தாண்டக்கூடாது. தாண்டினால் சீசியம் இடம்பெயரும், மேலே சொன்ன அனோட்டு மாசை நாமே செய்து கொடுத்ததாகிவிடும். துடைத்த பிறகு வெறுங்கையால் கண்ணாடியைத் தொட்டால் வியர்வை உப்பு மறுபடி ஏறும்.

துடைத்துக் காயவைத்ததும், மூடிய நிலையில் 2.0 வோல்ற்றில் −0.42 ஆக இருந்தது −0.09 ஆனது. பழைய பீவீசி உறை வயருக்குப் பதில் பொலித்தீன் காவலியுள்ள ஓரச்சு (கோ-ஆக்சியல்) வடம் போட்டதும் −0.05. கருவிக்குள்ளே இருந்த மானியைக் கைவிட்டு, ஓட்டத்தை அழுத்தமாக மாற்றும் சின்னச் சுற்று ஒன்றைக் கட்டியதும் −0.008 ஆனது. அதாவது 250 கிகா ஓம். இதற்குமேல் போகத் தேவையில்லை.

அந்தச் சுற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம், ஏனென்றால் பழைய நனோஅம்பியர்மானி பழுதானால் புதிதாக இறக்குமதி செய்வதைவிட இது எவ்வளவோ மலிவு. ஒற்றை ஓப் ஆம்ப் (சைகையைப் பெருக்கும் எட்டுக்கால் சில்லு). அனோட்டு வயர் நேரே 2ஆம் காலுக்கு. 3ஆம் கால் பூமிக்கு. வெளியீட்டிலிருந்து 2ஆம் காலுக்குத் திரும்பும் தடையி 1 கிகா ஓம் என்றால் 1 நனோஅம்பியருக்கு 1 வோல்ற்று வரும். கிகா ஓம் தடையியை யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலோ கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவிலோ தேடி அலையவேண்டாம். 10 மெகா ஓம் தடையிகள் பத்தைத் தொடராக ஈயம் பற்றவைத்தால் 100 மெகா ஓம்; 1 நனோஅம்பியருக்கு 100 மில்லிவோல்ற்று. சாதாரண பல்மானியின் (மல்ரிமீற்றர்) 200 மில்லிவோல்ற்று வீச்சு 0.1 மில்லிவோல்ற்று வரை காட்டும், அது 1 பிகோஅம்பியர். இந்தச் செய்முறைக்குத் தேவைக்கு மேலானது.

ஓப் ஆம்ப் தெரிவில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 741 இங்கே உதவாது. அதன் உள்ளீடே பத்துக் கணக்கான நனோஅம்பியர் இழுக்கும், அளக்கும் ஓட்டத்தைவிடப் பெரிது. சிஏ 3140 சுமார் 10 பிகோஅம்பியர்தான் எடுக்கும், 36 வோல்ற்று வரை தாங்கும், ஆகவே இரண்டு 9 வோல்ற்றுப் பற்றரிகளில் நேராக ஓடும். ஆனால் அதன் உள்ளீட்டுப் பெயர்ச்சி சில மில்லிவோல்ற்று இருப்பதால் 1ஆம், 5ஆம் கால்களுக்கு இடையே 10 கிலோ ஓம் முன்னமைவு மாறுதடையைப் போட்டு, அதன் நடுக்காலை 4ஆம் காலுக்குக் கொடுத்துப் பூச்சியமாக்கவேண்டும். எல்எம்சி 6482 இன்னும் சிறந்தது, பூச்சியமாக்கும் தொல்லையும் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் அது 16 வோல்ற்றுக்கு மேல் செத்துவிடும். இரண்டு 9 வோல்ற்றுப் பற்றரி சேர்ந்தால் 18. 78எல்05, 79எல்05 சீராக்கிகளைப் போட்டு ±5 வோல்ற்றாக்கிக் கொடுத்தால் பிழைக்கும்.

2ஆம் காலைப் பலகையில் பற்றவைக்கக் கூடாது. காலை மேலே வளைத்து, அனோட்டு வயரையும் 100 மெகா ஓம் சங்கிலியின் நுனியையும் அந்தரத்திலேயே பற்றவைத்துவிடவேண்டும். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் இங்குள்ள ஈரத்தில் காற்றைவிட நல்ல காவலி பலகையில் கிடையாது. பற்றவைத்த பின் ஈயப் பசையின் மிச்சத்தை அற்ககோலால் கழுவவேண்டும். அந்த மஞ்சள் பிசினும் கசியும். சங்கிலிக்குச் சமாந்தரமாக 1,000 பிகோபரட் பொலிபுரோப்பிலீன் கொள்ளளவி போட்டால் நேர மாறிலி 0.1 செக்கன். 50 ஹேட்ஸ் இரைச்சலும், விளக்கின் 100 ஹேட்ஸ் துடிப்பும் அடங்கிவிடும். வாசிப்பு நிலைக்க அரைச் செக்கனே ஆகும். எல்லாவற்றையும் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூமிக்கு இணைத்தால் போதும். பிஸ்கற் ரின் நன்றாகவே வேலை செய்யும்.

எதிரழுத்தத்தைக் கதோட்டுப் பக்கத்தில் கொடுக்கவேண்டும்: இரண்டு பென்ரோச் பற்றரி, 10 சுற்று 10 கிலோ ஓம் மாறுதடை, கதோட்டு நேர்ப்பக்கம். வோல்ற்றுமானியும் இதே பக்கத்தில்தான். அதை அனோட்டுப் பக்கத்தில் மாட்டினால் மானியின் 10 மெகா ஓம் உள்தடையே எல்லாக் கசிவுகளுக்கும் பாட்டனாகிவிடும். வடத்தை மேசையோடு ஒட்டுநாடாவால் ஒட்டிவைக்கவேண்டும். ஆடும் வடம் தானே ஏற்றம் உண்டாக்கும். யாராவது மேசையில் முழங்கை வைத்தாலே வாசிப்பு துள்ளும்.

இனி ஒளி. இரச விளக்கு ஏற்றி 15 நிமிடத்துக்கு முன் எந்த வாசிப்பையும் நம்பக்கூடாது. ஆவி உயர் அமுக்கத்தில் உள்ள வகை விளக்கென்றால் கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலும் அணைந்துவிடும், சூடு ஆறும்வரை திரும்பப் பற்றாது. ஐந்து, பத்து நிமிடம் எடுக்கும். பற்றவில்லையே என்று ஆளியைத் திரும்பத் திரும்பத் தட்டுவது ஆரம்பியைத்தான் கெடுக்கும். மாரியில் கரண்ட் வெட்டு வரும் நாட்களில் 365, 405, 436 நனோமீற்றர் ஆகிய மூன்று கோடுகளையும் முதலில் எடுத்துவிடுவது புத்தி. குவார்ட்ஸ் உறையுள்ள விளக்கை வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது. புறவூதா கண்ணைச் சுடும். மாலை வரை தெரியாது, இரவில் கண்ணில் மணல் விழுந்ததுபோல் இருக்கும்.

வடிகட்டிகள் ஈரத்தில் ஓரத்திலிருந்து உரியும். ஓரம் வானவில் நிறத்தில் தெரிந்தால் அதற்குள் ஈரம் போய்விட்டது. 546 நனோமீற்றர்ப் பச்சை வடிகட்டி ஊதாவைக் கொஞ்சம் விட்டாலும் ஆபத்து, ஏனென்றால் நிறுத்தழுத்தத்தைத் தீர்மானிப்பது அதிகமான ஒளி அல்ல, அதிக சக்தியுள்ள போட்டோன். சோதிக்க எளிய வழி: 546 வடிகட்டிக்கு முன்னால் மஞ்சள் கண்ணாடி ஒன்றையும் சேர்த்து வைத்துப் பார்ப்பது. ஓட்டம் குறையலாம், நிறுத்தழுத்தம் குறைந்தால் வடிகட்டி பொய் சொல்லுகிறது.

மஞ்சள் கோட்டில் எதிர்பாராத எதிரி அறையின் ரியூப் லைற். அதற்குள்ளும் இரச ஆவிதான். 436 நனோமீற்றர் கோடு அதிலும் உண்டு. வெள்ளை எல்ஈடி விளக்கென்றால் 450 நனோமீற்றர் அளவில் நீலம் கொட்டும். பெட்டியின் மூடி இடுக்கால் இந்த நீலம் கொஞ்சம் உள்ளே போனாலும் மஞ்சளின் நிறுத்தழுத்தம் தாறுமாறாக ஏறும். 578 நனோமீற்றர் போட்டோனின் சக்தி 2.145 இலத்திரன்வோல்ற்று, 450 உடையது 2.755. யன்னலை மூடி, லைற்றை அணைத்து, கைபேசி வெளிச்சத்தில் எழுதவேண்டியதுதான். கைபேசியும் வெள்ளை எல்ஈடிதான், அதைக் கருவியின் முதுகுப் பக்கம் வைக்கவேண்டும்.

வாசிப்பு எடுக்கும் முறை: ஒவ்வொரு கோட்டுக்கும் முதலில் மூடி போட்டு 0 முதல் 2.5 வோல்ற்று வரை 0.25 படியில் இருட்டு ஓட்டம். பிறகு மூடி திறந்து அதே அழுத்தங்களில் ஒளியோட்டம், பூச்சியத்துக்கு அருகே 0.05 வோல்ற்றுப் படியில். இரண்டையும் கழிக்கவேண்டும். கழித்த பின்னும் வளைவு பூச்சியத்தில் நிற்காமல் அதற்குக் கீழே தட்டையாக நின்றால் அந்தத் தட்டை மட்டம் அனோட்டு உமிழ்வு. அதையும் கழித்து, வளைவு தட்டையை விட்டுக் கிளம்பும் இடத்தை நிறுத்தழுத்தமாக எடுப்பது நியாயம். முள் பூச்சியத்தில் நின்ற இடத்தை மட்டும் ஐந்து தரம் குறித்துவிட்டு மேசையை விட்டு எழும்பும் பழக்கத்தை முதல் கிழமையிலேயே உடைக்கவேண்டும்.

வரைபு போடுமுன் அடுத்தடுத்த கோடுகளுக்கிடையிலான வித்தியாசத்தைப் பார்த்தால் எந்தக் கோடு கெட்டது என்று தெரிந்துவிடும். நிறுத்தழுத்த வித்தியாசம் 365.0 க்கும் 404.7 க்கும் இடையே 0.333 வோல்ற்று வரவேண்டும், 404.7 க்கும் 435.8 க்கும் 0.219, 435.8 க்கும் 546.1 க்கும் 0.575, 546.1 க்கும் 578 க்கும் 0.125. கடைசி வித்தியாசம் 0.125 க்குக் கீழே போனால், அல்லது மறையாக வந்தால், ரியூப் லைற்றைத் தேடவேண்டும். முதல் வித்தியாசம் குறைந்தால் கசிவைத் தேடவேண்டும். மூன்றாவது வித்தியாசம் குறைந்தால் பச்சை வடிகட்டி.

ஐந்து கோடுகளின் மீடிறன்கள் 8.214, 7.408, 6.879, 5.490, 5.187 (எல்லாம் 10¹⁴ ஹேட்ஸில்). ஒவ்வொரு நிறுத்தழுத்தத்திலும் ±0.02 வோல்ற்று வழு என்றால், இழிவு வர்க்க முறையில் படித்திறனின் வழு கிட்டத்தட்ட 2 சதவீதம். ±0.05 என்றால் 5 சதவீதம். இதற்குள் விடை வந்தால் கருவி நல்லது. திருத்திய பின் படித்திறன் 4.06 × 10⁻¹⁵ வோல்ற்றுச் செக்கன் வந்தது. இலத்திரன் ஏற்றம் 1.602 × 10⁻¹⁹ கூலோமால் பெருக்க 6.50 × 10⁻³⁴. இரண்டு சதவீதத்துக்குள் குறைவு. பிளாங்க் மாறிலியின் பெறுமானம் 2019 மே 20 முதல் வரைவிலக்கணப்படி நிலையானது, 6.62607015 × 10⁻³⁴ என்று எழுதியே வைத்துவிட்டார்கள். ஆக இந்த மேசையில் அளக்கப்படுவது உண்மையில் குழாயும் மானியும்தான் என்று குறும்பாகச் சொல்லலாம்.

விளக்கைக் குழாயிலிருந்து 30 சென்ரிமீற்றரிலும் 45 சென்ரிமீற்றரிலும் வைத்து 436 கோட்டை மட்டும் இரண்டு தரம் எடுப்பது நல்லது. ஓட்டம் ஏறத்தாழ 2.25 மடங்கு குறையவேண்டும், நிறுத்தழுத்தம் அசையக்கூடாது. அசைந்தால் எங்கோ இன்னும் எதிரோட்டம் மிச்சம்.

செய்முறை ஏடுகளில் அடிக்கடி தப்பாக வரும் ஒன்று: வரைபின் வெட்டுத்துண்டைக் கதோட்டின் வேலைச்சார்பு (இலத்திரனை வெளியே எடுக்கத் தேவையான குறைந்தபட்ச சக்தி) என்று எழுதிவைப்பது. கதோட்டும் அனோட்டும் வேறு வேறு உலோகங்கள். வெளிச்சுற்றில் இணைத்ததும் தொடுகை அழுத்தம் நடுவில் நுழைகிறது. இரண்டையும் சேர்த்து எழுதினால் கதோட்டின் வேலைச்சார்பு வெட்டுண்டு போய், மிஞ்சுவது அனோட்டினுடையது. படித்திறன் இதனால் பாதிப்படையாது. அமெரிக்கப் பௌதிகவியலாளர் மில்லிக்கன் 1916இல் வெளியிட்ட அளவீடுகளில் உலோகப் பரப்பை வெற்றிடத்துக்குள்ளேயே சீவிப் புதுப்பித்ததோடு, தொடுகை அழுத்தத்தையும் தனியாக அளந்தது இதற்காகத்தான்.

இரச விளக்கு இல்லாத இடத்தில் எல்ஈடிகளை ஒளிமூலமாக வைக்கலாம், ஆனால் அதன் நிறமாலை 20, 30 நனோமீற்றர் அகலம். நிறுத்தழுத்தம் உச்ச அலைநீளத்துக்கு அல்ல, குறுகிய பக்க வாலுக்குப் போகும். எல்லா எல்ஈடியிலும் ஒரே அளவு நகர்ந்தால் படித்திறன் பிழைக்கும், அப்படி நகர்வதில்லை. எல்ஈடி எரியத் தொடங்கும் அழுத்தத்தை வைத்து பிளாங்க் மாறிலி காண்பது உயர்தர வகுப்புக்கு நல்ல விளையாட்டு. பட்டப்படிப்புக்கு அது போதாது.

இதே பூச்சியச் சோதனை பக்கத்து மேசைகளுக்கும் வேண்டும். இலத்திரனின் ஏற்றத்துக்கும் திணிவுக்குமான விகிதம் காணும் கருவியில் கசிவு பெரிய பிரச்சினை இல்லை. அங்கே அழையாமல் வருவது பூமியின் காந்தப்புலம். ஐரோப்பாவில் எழுதிய கையேடு சுருளைப் புவிக்காந்தச் சாய்வுக்கு ஏற்பச் சரிக்கச் சொல்லும். யாழ்ப்பாணம் காந்த மத்தியகோட்டுக்குக் கிட்ட இருப்பதால் இங்கே புலம் கிட்டத்தட்டக் கிடையானது, வடக்கு நோக்கிச் சுமார் 40 மைக்ரோரெஸ்லா. சரிப்பது வீண். 130 சுற்று, 15 சென்ரிமீற்றர் ஆரையுள்ள ஹெல்ம்ஹோல்ற்ஸ் சுருள் (ஒரே அச்சில் நிற்கும் சோடிச் சுருள்) 1 அம்பியருக்கு 0.78 மில்லிரெஸ்லா தரும். 200 வோல்ற்றில், 1.0 மில்லிரெஸ்லாவில் கற்றையின் ஆரை 4.8 சென்ரிமீற்றர். சுருளின் அச்சு வடக்கு–தெற்காக இருந்தால் 0.04 மில்லிரெஸ்லா நேரே கூடும் அல்லது குறையும். புலம் வர்க்கமாக வருவதால் விடையில் 8 சதவீதம். மேசையைத் திருப்பி அச்சைக் கிழக்கு–மேற்காக வைத்தால் அதே புலம் செங்குத்தாகச் சேர்ந்து 0.2 சதவீதத்துக்கும் குறைவாகிவிடும். மேசையைத் திருப்ப இடமில்லையென்றால் ஒரே அழுத்தத்தில் ஆரையின் நிகர்மாற்றுக்கு எதிராகச் சுருள் ஓட்டத்தை வரைந்து படித்திறனை எடுக்கலாம், வெட்டுத்துண்டு 0.05 அம்பியர் அளவில் வந்தால் அதுதான் பூமி. மேசைக்கடியில் இரும்புச் சட்டம் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் கெடும்.

அணுக்களில் மோதும் இலத்திரன் படிப்படியாகச் சக்தி இழப்பதைக் காட்டும் பிராங்க்–ஹேட்ஸ் கருவிக்கு மறுபடி அதே நனோஅம்பியர் சுற்று பொருந்தும். இரசக் குழாயென்றால் அடுப்பு 170 முதல் 190 பாகை செல்சியஸுக்கு வந்த பின்தான் முடுக்கும் அழுத்தம் கொடுக்கவேண்டும். குளிர்ந்த குழாயில் கொடுத்தால் உள்ளே வாயு மின்னிறக்கம் நடந்து ஓட்டம் பாய்ந்துவிடும், குழாய் கெடலாம். நடுவில் கரண்ட் போனால் முதல் வேலை முடுக்கும் அழுத்தத்தின் குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்புவது. திரும்பக் கரண்ட் வரும்போது அடுப்பு ஆறியிருக்கும், குமிழ் 30 வோல்ற்றில் நிற்கும். உச்சிகளுக்கு இடைப்பட்ட தூரம் 4.9 வோல்ற்று, முதல் உச்சி இருக்கும் இடத்தை அப்படியே எடுக்கக்கூடாது, அங்கேயும் தொடுகை அழுத்தம். அடுப்பின் வெப்பக் கட்டுப்பாடு ஆளி மாறி மாறி இயங்கும் வகையென்றால் ஓட்டம் அலை அலையாக ஏறி இறங்கும். அந்த அலையின் ஒரே கட்டத்தில் வாசிக்கப் பழகவேண்டும், அல்லது ஒரு வீச்சை 30 செக்கனுக்குள் முடிக்கவேண்டும். நியோன் குழாய்க்கு இந்த அடுப்புத் தொல்லை இல்லை.

கதிர்வீச்சை எண்ணும் கைகர் எண்ணிக்கு உரிமம் வேண்டாத கதிர்வீச்சு மூலம் விவசாயக் கடையிலேயே இருக்கிறது. வெங்காயத்துக்குப் போடும் எம்ஓபி உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைட்டு. இயற்கைப் பொட்டாசியத்தில் 0.0117 சதவீதம் பொட்டாசியம்–40. 100 கிராமில் செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 சிதைவு. இதில் பெரும்பகுதி உரத்துக்குள்ளேயே உறிஞ்சப்படும், எண்ணியில் மிஞ்சுவது கொஞ்சம். ஆகவே பின்னணியையும் மூலத்தையும் தலா 10 நிமிடமாவது எண்ணவேண்டும். 10 நிமிடத்தில் பின்னணி 200 என்றால் அதன் வழு 14, நிமிடத்துக்கு 1.4. உரத்தை இறுக்கமான பிளாஸ்ரிக் பையில் போட்டே வைக்கவேண்டும்; ஈரம் இழுத்துக் கசிந்தால் குழாயின் காலுக்கு அடியில் உப்புக் குளம்.

கைகர் எண்ணியின் எஸ்பிஎம் 20 குழாய்க்கு 400 வோல்ற்று வேண்டும், தொடரில் 5.1 மெகா ஓம். அந்த 400 ஐப் பல்மானியால் நேரே அளந்தால் 200 அல்லது அதற்கும் கீழே காட்டும். சின்ன உயரழுத்தப் பலகையால் மானியின் 10 மெகா ஓமைச் சுமக்க முடியாது, அழுத்தம் சரிந்துவிடும். பலகை பழுது என்று முன்னமைவைத் திருகி ஏற்றினால், மானியை எடுத்ததும் குழாய்க்கு 600, 700 போய், தொடர் மின்னிறக்கத்தில் குழாய் செத்துப்போகும். 10 மெகா ஓம் தடையிகள் 99ஐத் தொடராகப் போட்டு மானியோடு சேர்த்தால் 1 கிகா ஓம், காட்டுவது நூறில் ஒன்று: 400 க்கு 4.00 வோல்ற்று. 99 தடையியைப் பற்றவைக்கப் பொறுமையில்லாதவர் 100 மெகா ஓம் பத்து வாங்கலாம், அப்போது வகுத்தி நூறு அல்ல, நூற்றொன்று.

மாரிக்கு முன் செய்யவேண்டிய பராமரிப்பு ஒன்றே. ஒளிக்குழாய்ப் பெட்டி, ஓப் ஆம்ப் ரின், வடிகட்டிகள் மூன்றையும் இறுக்க மூடும் பிளாஸ்ரிக் பெட்டியில், 200 கிராம் நீலச் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது. இளஞ்சிவப்பானால் 120 பாகையில் இரண்டு மணித்தியாலம் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். பெட்டி பிடிக்காத பெரிய பொருட்களுக்கு அலுமாரியின் அடித்தட்டில் 15 வாற்றுக் குண்டு பல்ப் ஒன்றை எரியவிடுவது பழைய வழி. எல்ஈடி பல்ப் சூடு தராது, அதைப் போட்டுப் பயனில்லை.